தரையிலிருந்து ஒரு முழம்

என் மகளை நானே சாகக் கொடுக்கப் பார்த்தேன். அதைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும்.

செனாயில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் நான் துப்புரவு வேலை செய்கிறேன். மகள் ரூத் அங்கேயே அடுப்பு அறையில் வேலை பார்க்கிறாள். அந்தப் பெரிய அடுப்புகள் கேஸில் எரிகின்றன. கேஸ் கசிந்தால் சத்தம் போடும் கருவி ஒன்று, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் சுவரில் இருந்தது. காலையில் நான் தரை கழுவும்போது தண்ணீர் அதில் பட்டுவிடும். உடனே அலறும். வேலை நின்றுபோகும். எல்லாரும் என்னையே பார்ப்பார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசும்.

போன வருடம், பழுது பார்க்கும் ராஜுவிடம் கெஞ்சினேன். "தம்பி, இத கொஞ்சம் மேல தூக்கி வைங்களேன். தெனமும் திட்டு வாங்க முடியல." அவரும் இரக்கப்பட்டு, யாரிடமும் கேட்காமல், கதவுக்கு மேலே மாட்டிவிட்டார். அதன்பிறகு சத்தமே இல்லை. அதற்கும் நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

இந்த வருடம் சீனப் பெருநாளுக்கு முன்பு, மாவு கலக்கும் அறையை இன்னொரு அடுப்பு அறையாக மாற்றினார்கள். அங்கே கருவிகளை எங்கே மாட்டுவது என்று பார்க்க, கெலாங் பாத்தாவிலிருந்து மணியம் என்பவர் வந்தார். சுவரில் சிவப்பு டேப் ஒட்டிக்கொண்டே ராஜுவிடம் சொன்னார்: "இந்த கேஸு காத்த விட கனம்லா. தண்ணி மாதிரி கீழதான் எறங்கும். மேல வச்சீங்கன்னா, எல்லாரும் விழுந்தப்புறம்தான் கத்தும்."

நான் பக்கத்தில் கூட்டிக்கொண்டிருந்தேன். பழைய அறையில் கதவுக்கு மேலே நான் தூக்கி வைக்கச் சொன்ன கருவிதான் நினைவுக்கு வந்தது.

ராஜு பிறகு தனியாக வந்தார். "மூச்சு விடாதீங்கக்கா. அவரு புது ரூமுக்குத்தான் வந்திருக்காரு. சொன்னா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும்."

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுப்பு அறையில் எப்போதும் வெனிலா வாசனை தூக்கலாக இருக்கும். கேஸ் நாற்றம் வந்தாலும் யாருக்குத் தெரியும்? ரூத் நடக்கும்போதெல்லாம் அவள் காலையே பார்த்தேன். கேஸ் அங்கேதான் முதலில் வந்து நிற்கும். லீவு போடச் சொன்னேன். அவள் சிரித்தாள். "நான் லீவு போட்டா பிஸ்கட்ட நீங்க சுடுவீங்களா மா?"

துடைப்பம் வைக்கும் அறையில் மண்டியிட்டேன். "ஆண்டவரே, வேறு யாராவது பார்த்துச் சொல்லட்டும்" என்றுதான் ஜெபித்தேன். யாரும் பார்க்கவில்லை. மணியத்தின் வேலை முடியும் நாளும் வந்துவிட்டது. அன்று காலை வேறு மாதிரி ஜெபித்தேன். "என்னால் போய்ப் பேச முடியாது. நீரே என்னைப் பேச வையும்."

அன்று மணியம் என்னைத் தேடி வந்தார். "அக்கா, இந்த ரூம கூட்டுறது நீங்கதானே? மாவுத்தூளு எந்த மூலையில சேரும்? காத்து எங்க போயி தேங்குதுன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

இத்தனை வருடத்தில் வேலையைப் பற்றி யாரும் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. வடிகால் பக்கத்து மூலையைக் காட்டினேன். அங்கே டேப் ஒட்டினார். "தம்பி, பழைய ரூமையும் பாருங்க. அங்க மேல தூக்கச் சொன்னது நான்தான்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. பழைய அறைக்கு வந்து கதவுக்கு மேலே பார்த்து, "அலமாக்" என்று பதறி மெல்லச் சொன்னார். அன்றே கருவி பழைய இடத்துக்கு இறங்கியது. தண்ணீர் தெறிக்காமல் இருக்க ஒரு மூடியும் போட்டார்கள். எனக்கும் ராஜுவுக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வேலை போகவில்லை. ராஜு மட்டும் என்னோடு பேசவில்லை.

பெருநாள் விடுமுறை முடிந்து திறந்த முதல் காலை, கருவி அலறியது.

அடுப்புப் பக்கம் ஒரே சிரிப்பு. "எஸ்தர் அக்கா மறுபடியும் அத குளிப்பாட்டிட்டாங்க லா" என்றான் ஒருவன். ரூத்தும் சிரித்தாள். யாரும் நகரவில்லை.

என் கையில் குழாய் இருந்தது. நான் இன்னும் தண்ணீரைத் திறக்கவே இல்லை.

அது எனக்கு மட்டும்தான் தெரியும். "தண்ணி இல்ல, இது தண்ணி இல்ல, வெளிய போங்க" என்று கத்தினேன். நான் கத்தி யாரும் கேட்டதில்லை. ரூத்தின் கையைப் பிடித்து இழுத்தேன். என் முகத்தைப் பார்த்துத்தான் மற்றவர்களும் ஓடினார்கள். ராஜு வெளியே இருந்த பெரிய வால்வை மூடினார்.

அடுப்புக்கு அடியில் ஒரு இணைப்புக் குழாயில் விரிசல். நகக்கீறல் அளவுதான். ராஜுதான் அதை எனக்குக் காட்டினார். "அது மேலயே இருந்திருந்தா, அக்கா..." என்றார்.

வெனிலா வாசனை வந்தால் இன்றும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஆண்டவர் அந்தப் பயத்தை எடுத்துவிடவில்லை. பயத்தோடேயே என்னைப் பேச வைத்தார். இப்போது தண்ணீரைத் திறக்கும் முன், குனிந்து அந்தக் கருவியின் பச்சை விளக்கைப் பார்த்து ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

நம் சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் இத்தனை வருடம் தலை குனிந்தே இருந்தவள், இன்று இதை எழுதி எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறேன். பயத்தில் எதையாவது மறைத்து வைத்திருப்பவர்கள் இங்கே இருந்தால், வேறு யாராவது சொல்லட்டும் என்று என்னைப் போல ஜெபித்து நாளைக் கடத்தாதீர்கள். உங்கள் வாயைத் திறக்கும்படி ஆண்டவரிடம் கேளுங்கள். அவர் திறப்பார்.

என் மகள் அதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.