இடது பக்கம் பந்து போகாத மூன்று மாதம்

1. அரையிறுதி

எங்கள் கல்லூரி உதைபந்தாட்ட அணிக்கு ஓய்வு பெறும்வரை நான்தான் கோச். கேம் பிளான் எழுதாமல் ஒரு மேட்சுக்கும் போனதில்லை. யார் யாருக்குப் பாஸ் கொடுப்பது, எந்தப் பக்கத்தால் ஏறுவது, எல்லாம் ஒரு கொப்பியில் இருக்கும். ஒவ்வொரு பயிற்சியிலும் எத்தனை தாக்குதல் இடதால் போனது, எத்தனை வலதால் போனது என்றும் எழுதிவைப்பேன். அந்தக் கொப்பியால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. அது இறங்கிய கதையைத்தான் புதிதாகக் கோச்சிங்குக்கு வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

மாகாண அரையிறுதி. எதிரணியில் எங்கள் இடது விங்கரை மறிக்க வேண்டியவன் முழங்காலில் கட்டோடு வந்திருந்தான். எங்கள் இடது விங்கர் இம்தாதோ அணியிலேயே வேகமான ஓட்டக்காரன். ஆகவே பிளான் ஒரு வரிதான்: எல்லாப் பந்தும் இடது பக்கம்.

முதல் பாதியில் எல்லாப் பந்தும் வலது பக்கம் போனது.

"எத்தினை தரம்டா செல்ற? இடது பக்கம் குடுங்கடா!" என்று ஹாஃப் டைமில் கத்தினேன்.

"சரி சேர்" என்றான் கேப்டன் ஹஸீப்.

இரண்டாம் பாதியிலும் அதே கதை. கடைசி நிமிடத்தில் ஒரு கோர்னரில் தப்பிப் பிழைத்து ஃபைனலுக்குப் போனோம். இம்தாத் ஒருமுறைகூடக் கை உயர்த்திப் பந்து கேட்கவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"பந்து கேக்கத் தெரியாதவன் விங்கரா இரிக்க ஏலா. ஃபைனல்ல நீ இல்ல" என்றேன்.

"ஓம் சேர்" என்று ஜேர்சியைக் கழற்றி, மடித்துத் தந்துவிட்டுப் போனான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

2. கணக்கு டீச்சர்

ஃபைனலுக்கு எட்டு நாள் இருந்தது. ஸ்டாஃப் ரூமில் என் புலம்பலைக் கேட்க அகப்பட்டவர் காரைதீவு யோகேஸ்வரி டீச்சர். கணக்குப் படிப்பிப்பவர். ஓஃப்சைட் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது.

"பிளான்ல பிழையில்ல டீச்சர். பிள்ளைகள்தான் சொல்லுக் கேக்கிறாங்க இல்ல."

"அதெப்பிடி சேர், எல்லாரும் சொல்லிவெச்ச மாதிரி கேக்காம விடுவாங்க? கொப்பியத் தாங்க பாப்பம்."

பக்கம் பக்கமாகப் புரட்டி ஒரு தாளில் எண்களைக் குறித்தார். தேநீர் ஆறிப்போனது.

"இஞ்ச பாருங்க. உங்கட நோன்புப் பெருநாள் வரைக்கும் இடது பக்கம் பதினாறு, பதினெட்டு எண்டு போயிருக்கு. அடுத்த கிழமையில இருந்து ரெண்டு, ஒண்டு, பூச்சியம். மூணு மாசமா அப்பிடித்தான். விளையாடத் தெரியாட்டி இப்பிடி ஒரே நாளில விழாது. அந்தக் கிழமை என்ன நடந்த?"

"ஒண்டும் நடக்கல்ல" என்றேன்.

டீச்சர் என்னை நம்பவில்லை. எனக்கும் அன்றிரவு தூக்கம் சரியில்லை. பிளான் எழுதத் தொடங்கிய காலம் முதல் "எப்படி" என்றுதான் யோசித்திருக்கிறேன். "ஏன்" என்று ஒருவர் கேட்டது புதிதாக இருந்தது.

3. மதில்

எங்கள் மைதானத்தில் பாதி கிரிக்கெட்காரர்களுக்கு. மற்றப் பாதியில் ஒரே ஒரு கோலை நோக்கித்தான் எப்போதும் தாக்குவோம். அந்தக் கோலுக்கு இடது கைப்பக்கம் ஒரு இடுப்பளவு பதிந்த மதில். மதிலுக்கு அப்பால் ஊர் மையவாடி, எங்கள் அடக்கஸ்தலம். பந்து அங்கே விழுந்தால் கிட்ட நிற்பவன் போய் எடுத்துவர வேண்டும் என்பது அணியின் சட்டம்.

மறுநாள் அஸர் தொழுதுவிட்டு வந்து, விசிலைப் பையில் போட்டுக்கொண்டு சும்மா இருந்து பார்த்தேன். இம்தாதின் இடத்தில் வேறொருவன். அரை மணித்தியாலத்துக்குள் இடது பக்கம் ஒன்பது தாக்குதல்! ஒரு பந்து மதிலுக்கு மேலால் போனது. புதியவன் தாவிக் குதித்து எடுத்துவந்தான். அவ்வளவுதான்.

அப்போ மதில் தாண்டிப் பந்து எடுக்கும் சோம்பல் இல்லை, காரணம் இம்தாத்தான். ஹஸீபைக் கூப்பிட்டேன்.

"அவனோட ஏதும் கோவமா?"

"அல்லாவே, இல்ல சேர்." சற்று நேரம் காலால் மண்ணைக் கிளறினான். "அவன்ட வாப்பாட கபுறு மதிலோட இரிக்கி. மௌத்தாகி ரெண்டாம் நாள், நீங்க வீட்ட போன பொறகு, பந்து அங்கால போய்ட்டு. எடுக்கப் போனவன் வரவே இல்ல. எட்டிப் பாத்தா பந்த வெச்சிக்கிட்டு அங்கயே குந்தி இரிக்கான். அதுக்குப் பொறகு நாங்க அந்தப் பக்கம் அடிக்கிறதில்ல."

"அடிக்க வேணாமெண்டு ஆரு சென்ன?"

"ஒருத்தரும் செல்லல்ல சேர்."

"அரையிறுதி வேற கிரவுண்டாச்சே?"

"கால் பழகிட்டு சேர்."

பெருநாளுக்கு அடுத்த கிழமை நடந்த அந்த ஜனாஸா அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன். மூன்று பிடி மண்ணும் போட்டேன். அன்றைய திகதிக்குக் கொப்பியில் "பயிற்சி இல்லை" என்று என் கையெழுத்தில் இருக்கிறது. டீச்சரிடம் ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னதும் நான்தான். வெட்கமாக இருந்தது.

4. ஜேர்சி

அன்றே ஜேர்சியை எடுத்துக்கொண்டு இம்தாதின் வீட்டுக்குப் போனேன்.

"அவனுகள் பந்து தராததுக்குக் காரணம் ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும் சேர். எனக்காகத்தானே செஞ்சானுகள். நான் பந்து கேட்டா அவனுகளுக்கு ஒரு மாதிரிப் போயிரும். அதான் கேக்கல்ல."

"பிழை என்னிலதான் மனே" என்று ஜேர்சியை நீட்டினேன். "இனி நாம கடற்கரையில பழகுவம். அந்த மதில் வேணாம்."

அவன் ஜேர்சியை வாங்கிக்கொண்டு தலையாட்டினான், வேண்டாமென்று.

"அங்கயே பழகுவம் சேர். பந்து போனா நானே போறன். வாப்பாக்கு ஒரு ஸலாம் செல்லிட்டு எடுத்துட்டு வாறன்."

அந்தக் கிழமை பந்து நான்கு தரம் மதிலைத் தாண்டியது. நான்கு தரமும் அவனே போனான். அவன் வரும்வரை விசில் ஊதாமல் நின்றேன்.

ஃபைனலில் ஒன்றுக்கு இரண்டாகத் தோற்றோம். அந்த ஒரு கோல் இடது பக்கத்தால் வந்தது. பந்து காலில் வந்ததும் ஹஸீப் பழக்கதோஷத்தில் வலது பக்கம் திரும்பினான். இம்தாத் கையை உயர்த்தி, "ஹஸீப், இஞ்சால தாடா!" என்று மைதானம் முழுக்கக் கேட்கக் கத்தினான்.

கேம் பிளானை எப்படியும் எழுதுங்கள். எழுதுமுன், பந்து வெளியே போனால் அதை எடுக்கப் போகிறவன் யார் என்று ஒருதரம் விசாரித்துக்கொள்ளுங்கள்.