பிரஷர் யாருக்கு?

மூன்று வருடங்களுக்கு முன்பு, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பழைய ஃப்ளாட்டில் தனியாக அறை எடுத்து மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தேன். ஆராய்ச்சி, தண்ணீரைப் பற்றி. தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். அதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. சூட்டையும் அழுத்தத்தையும் மாற்றினால் அந்தப் பிடி எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீரை அடைத்து நெருக்கிக்கொண்டே போனால், குளிரே இல்லாமல் உறைந்துவிடும். அதைப் பார்த்த அன்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் துடித்தது. சொல்லத்தான் ஆள் இல்லை. சொந்த ஊரான காப்பாரில், எங்கள் வீட்டில், தண்ணீரில் படிக்க என்ன இருக்கிறது என்று சிரிப்பார்கள்.

ஆய்வகத்தில் அந்தச் சோதனைக் கருவியை எனக்கு அடுத்துப் பயன்படுத்தும் மாணவருக்கு, மாலையில் அறைக்கு வந்ததும் போனில் நிலவரம் சொல்வேன். நாள் முழுக்க நான் வாய் திறப்பது அதற்கு மட்டும்தான். அந்த வாரம் கருவி படாதபாடு படுத்தியது. பிரஷர் திடீரென்று ஏறிவிட்டது, டெம்பரேச்சர் இறங்கவே இல்லை, இனிமேல் தாங்காது என்று தினமும் புலம்பினேன்.

ஞாயிறு காலை கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு ஆன்டி. லிஃப்டில் பார்த்தால் தலையாட்டுவதோடு சரி. கையில் கஞ்சி, மேலே நெத்திலி வறுவல்.

"ஏம்மா, பிரஷர் ஏறுது, டெம்பரேச்சர் இறங்கலன்னு தினம் சொல்றியே, செவுத்துல கேக்குது. இந்த வயசுல பிரஷரா? கிளினிக் போனியா இல்லையா?"

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே பயமும். உண்மையைச் சொன்னால் கஞ்சியோடு திரும்பிவிடுவாரோ, இனி இந்தக் கதவை யாரும் தட்ட மாட்டார்களோ என்று. இருந்தாலும் சொன்னேன். எனக்கு ஒன்றுமில்லை ஆன்டி, பிரஷர், டெம்பரேச்சர் எல்லாம் தண்ணீருக்குத்தான்.

அவர் சிரிக்கவில்லை. எனக்குப் பின்னால் அறையை எட்டிப் பார்த்தார். ஒரே நாற்காலி, ஒரே தட்டு.

"தண்ணிக்குப் பிரஷர் பாக்க நீ இருக்க. உன்னைப் பாக்க யாரு இருக்கா? ஆறிடும், குடி லா."

நின்றபடியே குடித்தேன். கண்ணீர் கஞ்சியில் விழுந்தது; அவர் பார்க்காதது போல் இருந்தார்.

இப்போது மேரு என்ற ஊரில் வேலை, புது வீடு, சுவர்கள் நல்ல கனம். நான் என்ன பேசினாலும் அந்தப் பக்கம் கேட்காது. என்னைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். தப்பாகக் கேட்டுவிட்டு எழுந்து வந்தவர் அவர் ஒருவர்தான்.