ஊமத்தையில் ஒட்டுக்கட்டிய தக்காளி

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் எங்கள் ஊரான உறுவையாற்றில் கறுப்பு, மஞ்சள், வரி போட்டது என்று இருபது வகைத் தக்காளி என் தோட்டத்தில்தான் காய்க்கிறது.

வாடல் நோய்க்குப் பயந்து மற்றவர்கள் சுண்டைச் செடியில் தக்காளியை ஒட்டுக்கட்டுவார்கள். நான் ஒருபடி மேலே போய் ஊமத்தையில் கட்டினேன்.

"ஊமத்த வெசமாச்சேங்க" என்றாள் மனைவி.

"வேருதான்டி ஊமத்த, பழம் தக்காளி. எனக்கே சொல்லித் தர்றியா?" என்றேன்.

முதலில் பழுத்த கறுப்புத் தக்காளிகளை அவளுக்கே தின்னக் கொடுத்துவிட்டு, பெருமையை ஊருக்குச் சொல்லப் போனேன். திரும்பியபோது அவள் வாய் உலர்ந்து, கண் விரிந்து, சுவரோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"யாருபா நீ? எங்க வூட்டுக்காரர் இல்ல, அப்பறம் வா" என்றாள்.

ஊமத்தை விஷம் பழம்வரை ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். மூன்றாம் நாள்தான் அவளுக்கு என்னை அடையாளம் தெரிந்தது.

அந்தச் செடிகளைப் பிடுங்கிப் புதைத்துவிட்டேன். இப்போது சுண்டையில்தான் கட்டுகிறேன். அந்தச் செடியையும் அவளிடம் காட்டிவிட்டுத்தான் ஒட்டுக்கட்டக் கத்தியை எடுக்கிறேன்.