நான் விட்ட ரவுண்டு

சண்டை வீடியோ கேமில் புதிதாகக் கை வைப்பவன் முதலில் செய்யும் காரியம், எல்லாப் பொத்தான்களையும் ஒரே சமயத்தில் போட்டு அமுக்குவதுதான். தல்லாகுளத்தில் நாங்கள் ஆடிய கடையில் இதற்கு ஆர்மோனியம் வாசிப்பது என்று பெயர். வாசிப்பவனுக்குத் தான் பயங்கரமாகச் சண்டை போடுவதாக நினைப்பு இருக்கும். எதிரில் ஆடுபவன் பேசாமல் தடுத்துக்கொண்டே இருந்துவிட்டு, இவன் கை ஓயும் நேரம் பார்த்து இரண்டே உதையில் கதையை முடிப்பான்.

இப்போதும் யாராவது கேட்டால் இந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது. முதலில் தடுக்கப் பழகு. ஸ்டிக்கைப் பின்னால் இழுத்துப் பிடித்தால் உன் ஆள் கையைக் குறுக்கே வைத்துக்கொள்வான். ஒரு வாரத்துக்கு அதை மட்டும் செய். குதிக்காதே. குதித்தவன் தரையில் இறங்கும் வரை எதையும் தடுக்க முடியாது. உன் ஆளையே பார்த்துக்கொண்டிருக்காதே, அவன் எங்கேயும் ஓடிவிட மாட்டான், எதிராளியைப் பார். அப்புறம், கீழே விழுந்து எழுந்திருக்கும்போது ரோஷத்தில் உடனே அடிக்கப் போகாதே, தடுத்துக்கொண்டே எழு. எல்லாம் சரியான புத்திமதிதான். இவ்வளவும் தெரிந்துவைத்திருந்த நான்தான் என் சிநேகிதனுடைய கை போகக் காரணமாக இருந்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நானும் அவனும் தொண்ணூறுகளின் நடுவில் பசுமலைப் பக்கம் ஒரே வகுப்பில் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தோம். அவன் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார்கள். வெளியில் அவன் அந்தப் பாஷையைப் பேசி நான் கேட்டதில்லை. ஆட்டத்தில் அடி வாங்கும்போது மட்டும் வாயில் வந்துவிடும். அதனால் நான் அதில் கற்றுக்கொண்டது அத்தனையும் வசவு. ஒருநாள் அவன் வீட்டில் சாப்பிடும்போது, பாஷை தெரிந்தவன் போல அதில் ஒன்றை எடுத்துவிட்டேன். சோறு போட்டுக்கொண்டிருந்த அவன் அம்மாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. அப்புறம் அந்த அம்மா சிரித்த சிரிப்பில் எனக்கு இரண்டு கரண்டி கூடுதலாக விழுந்தது.

கோர்ட்டுக்குப் போகும் வழியில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது அந்த வீடியோ கேம் கடை. நான்கு மெஷின், ஒரு மின்விசிறி. சண்டை ஆட்டத்துக்கு இரண்டு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இடது கைக்கு ஸ்டிக். வலது கைக்கு ஆறு பொத்தான், மேல் வரிசை குத்து, கீழ் வரிசை உதை. மூன்று ரவுண்டில் இரண்டை ஜெயித்தவன் நிற்பான். தோற்றவன் நகர வேண்டும், அடுத்தவன் டோக்கன் போடுவான்.

நாங்கள் ஒரே நாளில் தொடங்கி ஒரே மாதிரி உதை வாங்கினோம். ஆட்டத்தில் வரும் ஆட்களில் நான் சாட்டைக்காரியை எடுத்துக்கொண்டேன். தூரத்தில் நின்றபடியே அடிக்கலாம், என் சுபாவத்துக்கு ஒத்துவந்தது. அவன் மொட்டைத்தலைப் பயில்வானை எடுத்தான். பயில்வான் மெதுவாகத்தான் நடப்பான். கிட்டே போனால்தான் பிடிக்க முடியும், ஆனால் பிடித்தால் எதிராளி எழுந்திருப்பது கஷ்டம். ஆறு மாதத்தில் அந்தக் கடையில் எங்களை நகர்த்த ஆள் இல்லாமல் போனது. எங்களுக்குள் ஆடினால் பத்துக்கு ஆறு அவன் ஜெயிப்பான்.

அந்தக் கடையில் ஒரு மரியாதை இருந்தது. புதிதாக வந்தவனோடு ஆடினால் ஒரு ரவுண்டை அவனுக்கு விட வேண்டும். முதல் ரவுண்டு உனக்கு, இரண்டாவது அவனுக்கு, மூன்றாவது மறுபடி உனக்கு. போட்ட டோக்கனுக்கு அவனும் மூன்று ரவுண்டு ஆடினது போல இருக்கும், நாளைக்கும் வருவான். இதைக் கடைக்கார அண்ணன் யாருக்கும் சொன்னதில்லை. பந்தியில் பக்கத்து இலைக்காரர் சாப்பிட்டு முடிக்கும் வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறோமே, அது மாதிரி தானாக வந்த பழக்கம்.

விடுவதிலும் ஒரு தொழில் இருக்கிறது. மரம் மாதிரி நின்று அடி வாங்கினால் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்துபோகும். பாதி வரை நிஜமாகவே ஆட வேண்டும். பிறகு தடுப்பதைக் கண் சிமிட்டும் நேரம் தாமதமாகத் தடுக்க வேண்டும். கடைசியில் அவசரப்பட்டது போல ஒரு குதி குதித்து, அடி வாங்கி விழுந்ததும், ச்சே என்று பொத்தானில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். நான் இதில் கில்லாடி. என் சிநேகிதனுக்கு இது அறவே பிடிக்காது.

"விடுறதுக்கு எதுக்கு மாப்ள வரணும், வீட்டுலயே படுத்துக்கெடக்கலாம்ல? தோத்தாத்தான் அவனுக்குத் தன்கிட்ட எங்க ஓட்டைன்னு தெரியும்" என்பான். புதியவன் என்று பார்க்காமல் இரண்டே ரவுண்டில் அனுப்பிவிடுவான். அதனால் கடையில் அவனுக்குக் கொஞ்சம் கெட்ட பெயர், எனக்கு நல்ல பெயர். அந்த நல்ல பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

படிப்பு முடிந்தபோது எனக்கு நாலு பேப்பர் நின்றுபோனது. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியிருந்ததால் கோர்ட் பக்கமே ஒரு வக்கீல் ஆபீசில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் பாஸ் பண்ணிய அவன், கப்பலூரில் தகடு அடிக்கும் ஒரு பட்டறையில் பவர் பிரஸ்ஸுக்குப் போனான். தகட்டை அச்சுக்குள் வைக்க வேண்டும், கையை எடுத்துக்கொண்டு பெடலை மிதிக்க வேண்டும், மேல் அச்சு இறங்கித் தகட்டைக் கிண்ணமாக்கும், அதை எடுத்து வீசிவிட்டு அடுத்த தகடு. நாள் முழுக்க இதுதான். கை உள்ளே போகாமல் மறிக்கும் கம்பி ஒன்று உண்டாம். வேலையைத் தாமதப்படுத்துகிறது என்று அதைக் கழற்றி மூலையில் சாய்த்துவிட்டார்களாம். இதைக் குறையாகச் சொல்லவில்லை அவன், தன் வேகத்தைப் பற்றிய பெருமையாகச் சொன்னான்.

"நம்ம கேமு மாதிரிதான் மாப்ள. என்ன, இதுல தடுக்க முடியாது, அம்புட்டுத்தான்" என்று சிரித்தான்.

இரண்டாவது வருடம் அவனுடைய வலது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். அவன்தான் பேச ஆரம்பித்தான்.

"பெரிய குத்து எந்த வெரல்ல அடிப்போம்?"

எனக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை. என் கையைக் கட்டில் விளிம்பில் வைத்துப் பார்த்துவிட்டு, "மோதிர வெரல்ல" என்றேன்.

"அப்ப அது இருக்கு" என்றான்.

மூன்று மாதத்தில் புண் ஆறியது. பட்டறை மேஸ்திரி இரண்டு வழி சொல்லி அனுப்பினார். பேக்கிங்கில் உட்காரலாம், சம்பளம் குறையும். இல்லையென்றால் பழையபடி பிரஸ். கை ஓடுமா ஓடாதா என்று அவனே முடிவு பண்ணிக்கொண்டு திங்கட்கிழமை வரட்டும் என்றாராம். ஒரு கை ஓடுமா என்பது டாக்டரிடம் கேட்க வேண்டிய விஷயம். நாங்கள் டாக்டரிடம் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் என் வீட்டுக்கு வந்தான்.

"கடைக்கு வாரியா? உன்னைய ஒரு ஆட்டம் சுத்தமா ஜெயிச்சா நாளைக்குப் பிரஸ்ஸுக்குப் போறேன். முடியலைன்னா பேக்கிங். பொலம்ப மாட்டேன். ஆனா நீ விடக்கூடாது."

"விடமாட்டேன்டா."

"எங்கம்மா மேல?"

"உங்கம்மா மேல" என்றேன்.

வேகத்தை அளந்து பார்க்க எங்களுக்குத் தெரிந்த ஒரே கருவி அந்த மெஷின்தான். பைத்தியக்காரத்தனம் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அது நியாயமாகவும், கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாகவும்கூடத் தோன்றியது.

பழைய பயில்வானையே எடுத்தான். கட்டை விரலையும் மோதிர விரலையும் சுண்டு விரலையும் வைத்து, உள்ளங்கையைச் சாய்த்து ஆறு பொத்தானையும் எட்டப் பார்த்தான். அவனுக்கு எப்போது அடிக்க வேண்டும் என்பது மறக்கவில்லை. ஆனால் கண் சொன்னது விரலுக்குப் போய்ச் சேர நேரமானது. ஐந்து ஆட்டம் ஆடினோம். பத்து ரவுண்டும் எனக்கு. சொன்னபடி நான் விடவில்லை. விழுந்து எழும் ஒவ்வொரு முறையும் அவன் தடுக்காமல் அடிக்கவே பார்த்தான். அப்படிச் செய்யாதே என்று மற்றவர்களுக்கு அவனே அத்தனை தடவை சொல்லியிருக்கிறான்.

பின்னால் காத்திருந்தவர்களில் ஒருவன், "கை நல்லாச் சரியானப்புறம் வாங்கண்ணே" என்றான். அவன் கேலியாகச் சொல்லவில்லை. கேலியாகச் சொல்லியிருந்தால் என் சிநேகிதன் சட்டையைப் பிடித்திருப்பான். அக்கறையாகச் சொன்னதால் ஒன்றும் செய்ய முடியாமல், வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்த டோக்கனைப் போட்டான். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

ஆறாவது ஆட்டத்தில் முதல் ரவுண்டை ஜெயித்தேன். இரண்டாவதை விட்டேன். கை பழக்கத்தில் தானாக விட்டுவிட்டது, யோசித்துச் செய்யவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிவந்தேன். பொய். யோசித்துத்தான் விட்டேன். ஒரே ஒரு ரவுண்டு, கொஞ்சம் முகம் தெளியட்டும், மூன்றாவதை ஜெயித்து ஆட்டத்தை முடித்துவிடலாம் என்பது என் கணக்கு.

மூன்றாவதில் அவனுக்கு உயிர் வந்துவிட்டது. வாய்க்குள் வீட்டுப் பாஷையில் என்னைத் திட்டிக்கொண்டே ஆடினான். பல மாதம் கழித்து அந்த வசவுகளைக் கேட்டேன். இரண்டு பேருக்கும் ஒரு அடி தாங்கும் அளவுக்குத்தான் லைஃப் மிச்சம் இருந்தது. பயில்வான் கிட்டே வந்தான். அவன் பிடிக்கப் போகிறான் என்பது எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. ஓரக்கண்ணில் அவன் மோதிர விரல் பொத்தானுக்கு வருவதையே பார்த்தேன், அவ்வளவு மெதுவாக வந்தது. ஒரு சாட்டை வீச்சில் முடித்திருக்கலாம். நான் குதித்தேன்.

பயில்வான் சாட்டைக்காரியைக் காற்றிலேயே பிடித்துத் தரையில் அடித்தான். நான் ச்சே என்று பொத்தானில் தட்டினேன்.

அவன் திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். "விட்டியா?"

"போடா. நெனச்சேன் குதிக்கக்கூடாதுன்னு. பிடிச்சுட்ட."

பின்னால் நின்றவர்கள் கை தட்டினார்கள். கடைக்கார அண்ணன்கூட எழுந்து வந்து அவன் தோளைத் தட்டினார். டிப்ளமோ பாஸானபோதுகூட அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. கீழே இறங்கியதும் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தான். அதைக் குடித்தபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரக்கப்பட்டு ஆட்டத்தை விட்டேன் என்று சொன்னால் மரியாதையாக இருக்கும். அது இரக்கம் இல்லை. அவன் தோற்பதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது, என் சங்கடத்தைத் தீர்த்துக்கொண்டேன். உண்மையைச் சொல்ல அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க நேரம் இருந்தது. சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் வலது கையில் மிச்சம் இருந்ததும் போனது. மணிக்கட்டு வரை எடுத்துவிட்டார்கள். கூட வேலை செய்தவர் ஒருவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து எனக்கு விளக்கினார். அடித்த கிண்ணத்தை மிச்ச விரல்களால் இடுக்கி எடுக்க அவனுக்கு முன்பைவிட நேரம் பிடித்திருக்கிறது. கால் அதற்காகக் காத்திருக்கவில்லை, பழைய வேகத்திலேயே மிதித்துவிட்டது. "கொஞ்சம்தான் தம்பி பிந்திருச்சு, இம்மி" என்று அவர் கட்டை விரல் நகத்தைக் காட்டினார். எவ்வளவு என்று எனக்குக் காட்ட வேண்டியதே இல்லை.

உள்ளே அவன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவரைத் தண்ணீர் பிடித்துவரச் சொல்லி அனுப்பிவிட்டு அவன் என்னைக் கிட்டே கூப்பிட்டான்.

"அன்னைக்கு நெசமாவே நான் ஜெயிச்சேனா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அவனுக்குக் கையும் இல்லை, அந்த ஜெயிப்பும் இல்லை, சிநேகிதனும் இல்லை. இப்படி அவனுக்காக யோசித்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். பயமாக இருந்தது என்பதுதான் நிஜம்.

"ஆமா" என்றேன்.

"எங்கம்மா மேல?"

அந்த அம்மா தண்ணீர் பாட்டிலோடு வாசலுக்கு வந்துவிட்டார்.

"உங்கம்மா மேல."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "அப்பக் கை நல்லாத்தான் இருந்துருக்கு. மெஷின்தான் ஒரு மிதிக்கு ரெண்டு தரம் எறங்கிருக்கு" என்றான். பட்டறையிலிருந்து வந்தவர்களிடமும் அதையே சொன்னான். கை சரியில்லாதவன் தானாகக் கேட்டுத்தான் பிரஸ்ஸுக்கு வந்தான் என்று அவர்கள் சொன்னார்கள். மூலையில் சாய்ந்திருந்த கம்பியைப் பற்றி இரண்டு தரப்பும் பேசவில்லை.

அவன் அம்மா அடுத்த வருடம் சர்க்கரை வியாதியில் இறந்துபோனார். எனக்குச் சத்தியத்திலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் துக்கத்துக்குப் போனபோது வாசல்படி தாண்டக் கால் வரவில்லை.

பிறகு அவன் வீட்டுக்கு முன்னால் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்தான். இடது கையாலேயே எல்லாம் செய்வான். ஜெராக்ஸ் மாடியில் இருந்த கடை மூடிப் பல காலமாகிவிட்டது. ரீசார்ஜுக்கு வரும் காலேஜ் பையன்கள் பிரவுசிங் சென்டரில் ஆடுகிற சண்டை ஆட்டங்களைப் பற்றிப் பேசினால் இவன் புகுந்துகொள்வான். மொதல்ல தடுக்கப் பழகு, குதிக்காத, எந்திரிக்கிறப்ப அடிக்கப் போகாத என்று ஆரம்பித்துக் கடைசியில் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வந்து சேருவான். மூன்று விரலோடு என்னை ஜெயித்த ஆட்டம். நான் சனிக்கிழமைதோறும் அங்கே போவேன், அதனால் பல தடவை என் முன்னாலேயே அதைச் சொல்லியிருக்கிறான்.

ஒருநாள் ஒரு பையன் சிரித்துக்கொண்டே, "அவரு பாவம்னு விட்டுக்குடுத்துருப்பாருண்ணே" என்றான்.

"இவனா?" என்றான் என் சிநேகிதன். "செத்துப்போன எங்கம்மா மேல சத்தியம் பண்ணிருக்கான். நீயே கேளு."

பையன் என்னைப் பார்த்தான். என் சிநேகிதனும் என்னைப் பார்த்தான், அன்றைக்குத் திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்த அதே பார்வை.

"ஆமாப்பா" என்றேன். "நான் விடல."