மலையும் இல்லை, ஆறும் இல்லை

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் நான், அதுவும் விஞ்ஞானம். ஆராவது பேய்க்கதை தொடங்கினால் எழும்பிப் போய்விடுவேன். நீங்களும் இப்போது எழும்பிப் போகலாம், கோபிக்க மாட்டேன்.

தொண்ணூறுகளில், ஒக்லாந்தில் பல்கலைக்கழகம் படிக்கும்போது, ஒரு தீவுக்குப் பறவை எண்ணப் போனேன். மாவோரி மக்களின் மூதாதையர் நிலம் அது. அழிந்துகொண்டிருக்கும் பறவைகளுக்காக ஒரு எலிகூட இல்லாமல் காக்கிற காடு. ஈஸ்ட் டாமாக்கி தொழிற்சாலைக்குப் புறப்பட்ட அப்பா, "ஆமிக்குத் தப்பி வந்தது குருவி எண்ணவோ, பெட்டை?" என்றார்.

இறங்குதுறையில் காவலாளி மெரே என் சப்பாத்துகளைத் தானே தேய்த்துக் கழுவினாள். வெளிமண் துளியும் உள்ளே வரக்கூடாதாம். அவள் அந்தத் தீவுக்காரி. பிறகு, "உன்ர மலை எது, ஆறு எது எண்டு நிலத்துக்குச் சொல்லு, அப்பத்தான் அது உன்னை அறியும்" என்றாள். யாழ்ப்பாணத்தில் மலை ஏது, ஆறு ஏது? வெட்கமாகிவிட்டது. "எங்களுக்குக் கிணறு மட்டும்தான்" என்றேன்.

"அப்ப கிணத்தைச் சொல்லன்!" சிரித்தாள். சொன்னேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு என்னிடம் எவரும் அவ்வளவு கேட்டதில்லை.

பின்னேரம் காட்டில் தனியே நிற்கும்போது வெள்ளைப் புகைபோலப் புகார் இறங்கியது, பாதை, மரம், நீட்டிய கை, ஒன்றுமே தெரியவில்லை. பையை இறக்கி வைத்துவிட்டுக் கத்தினேன், பதில் இல்லை. கீழே எங்கேயோ கடல் இரைந்தது. அந்தப் பக்கம் முழுக்கச் செங்குத்துப் பாறை. நான் விழுந்தால் அப்பாவுக்கு ஆர் போய்ச் சொல்வது, எந்தப் பாஷையில் சொல்வது என்றுதான் யோசனை ஓடியது.

அப்போதுதான் கிணற்றுத் துலாவின் கிறீச் கேட்டது. பிறகு வாளி கிணற்றுக் கட்டில் இடிபட்டது. பறவைதான் என்று நினைத்தேன், சத்தியமாக. ஆனால் தண்ணீர் வாய்க்காலில் விழுந்து ஓடும் சத்தமும் வந்தது. அந்தத் தீவில் கிணறே கிடையாது, மழைத்தண்ணீர்தான். சத்தத்தின் பக்கமே அடியடியாக நடந்தேன், அது நின்ற இடத்தில் என் கை மெரேயின் குடில் கதவில் பட்டது.

புகார் விலகியதும் மெரே போய் என் பையை எடுத்துவந்தாள். "பை கிடந்த இடத்திலயிருந்து இன்னும் ஒரு எட்டு வைச்சிருந்தா கடல்," என்றாள்.

மனுரேவாவில் எங்கள் வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றினேன். அடியில் ஒட்டியிருந்த செம்மண்ணை அப்பா விரலால் சுரண்டி மணந்து பார்த்தார்.

"இது எங்கட கிணத்தடி மண்ணெல்லோ, எங்காலயடி?"

தீவின் மண் கறுப்பு. அந்தச் சப்பாத்தை நான் கழுவவே இல்லை, இத்தனை வருசமாகப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிறேன்.

மண் இன்னும் காயவில்லை.