சொம்புக்குள் போன ஜிலேபிக் கெண்டை

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பங்ச்சர் கடை வைத்திருக்கும் இளையபெருமாளுக்கு, டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்க்கும்போதும் புத்தி மீனில்தான். டீக்கடையில் அவன் சொல்லும் விரால், ஒவ்வொரு டீக்கும் ஒரு சாண் வளரும்.

பூங்காக் குளத்தில் தூண்டில் போடக் கூடாது. வாட்ச்மேன் வாசலிலேயே பையைத் திறந்து பார்ப்பார். ஆனால் புரட்டாசியில் ஊரே கவுச்சி விட்டிருக்க, குளத்தோரம் ஆளே இருக்காது. அதுதான் இவனுக்குத் தாங்காது.

“புடிக்கிறதுதான் மச்சான். துன்னாத்தானே விரதம் கெடும்?”

பிடித்ததை என் வீட்டுத் தொட்டியில் உயிரோடு விட்டுவைத்து, மாதம் முடிந்ததும் குழம்பு வைப்பதாக ஏற்பாடு.

மூன்றாம் சனிக்கிழமை காலை. நெற்றி நிறைய நாமம், கையில் துளசி சுற்றிய பெரிய பித்தளைச் சொம்பு. வீடு வீடாகக் கோவிந்தா போட்டு அரிசி வாங்கி, அதைப் பொங்கிப் பெருமாளுக்குப் படைப்பது அவன் குடும்ப வழக்கம். போகிற வழியில் என்னையும் இழுத்துக்கொண்டு குளத்துக்குத் திரும்பிவிட்டான். வேட்டி மடிப்பில் மறைத்துக் கொண்டுவந்த தூண்டிலை வீசினான். செருப்பு ரப்பரில் செய்த தக்கை முழுகியது. உள்ளங்கை அகல ஜிலேபிக் கெண்டை.

“வாட்ச்மேன் பையைத் தொறப்பானே மச்சான்.”

“சொம்பைத் தொறப்பானா?” என்றேன். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

தண்ணீர் மொண்டு, மீனை விட்டு, துண்டால் மூடினான். வாட்ச்மேன் கன்னத்தில் போட்டுக்கொண்டு வழிவிட்டார்.

மீனைத் தொட்டியில் விட என் தெருவுக்குள் நுழைந்ததும், எதிர்வீட்டு மீனம்பாள் அக்கா முறத்தில் அரிசியோடு ஓடி வந்தாள்.

“நில்லு தம்பி! என் பொண்ணு ரஞ்சனிக்கு எட்டாம் மாசம். ரெண்டு வாட்டி தங்காம பூட்ச்சி. இதுவாச்சும் பொழைக்கணும்னு வேண்டினு இருக்கறேன்.”

“திரும்பி வரும்போது வாங்கிக்கறேன்க்கா…”

“பெருமாளு வாசலுக்கு வந்தப்பறம் திரும்பி வர்றது இன்னா?”

துண்டை அவளே ஒதுக்கினாள். கண்ணை மூடி, “கோவிந்தா” என்று மூன்று கை அரிசி போட்டாள். கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். சொம்புக்குள் சளப் என்றது.

“வாடா, யாருக்குத் தெரியப்போவுது?” என்று இழுத்தேன். அவன் நகரவில்லை. வியர்வையில் நாமம் மூக்குவரை வழிந்திருந்தது.

“எனக்குத் தெரியுதே மச்சான். இத்த எப்படிப் பொங்கிப் படைப்பேன்?”

போய்க் கதவைத் தட்டினான்.

“அக்கா, உன் அரிசி சாமிக்குச் சேராது. மீனு மேல வுழுந்துடுச்சி.”

சொம்பை நீட்டினான். அவள் எட்டிப் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றோம். திட்டியிருந்தால் தேவலை.

“உயிரோட இருக்குதா?”

“இருக்குதுக்கா.”

“மொதல்ல அத்த எட்துனு போய் வுடு. அது சாவக் கூடாது.”

ஓடினான். நடைப்பயிற்சிக்காரர்கள் பார்க்க, குளத்துப் படியில் உட்கார்ந்து சொம்பைக் கவிழ்த்தான்.

“பெருமாள் சொம்புலயாய்யா?” என்றார் வாட்ச்மேன். இவன் நிமிரவில்லை. மீன் நீந்திப் போனதைப் பார்த்த பிறகுதான் எழுந்தான்.

இதை நான் ஒரே ஒருவரிடம்தான் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை, கழுவித் தேய்த்த சொம்பில் துண்டு இல்லை. மீனம்பாள் அக்கா முறத்தோடு நின்றாள். உள்ளே பார்த்தாள், பிறகுதான் கண்ணை மூடினாள். அடுத்த வீடும் பார்த்தது. அதற்கடுத்த வீடும் பார்த்தது. யார் சொன்னது என்று அவன் என்னைக் கேட்கவேயில்லை. வாசலுக்கு வாசல் சொம்பைச் சாய்த்துக் காட்டிக்கொண்டே போனான். அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் நடந்தேன்.