உஷ்ஷம்மாவும் குடை சுமந்த கழுதையும்

அந்த நூலகத்திலேயே அதிகமாகச் சத்தம் போடுகிற ஆள் நூலகர்தான். இது எல்லோருக்கும் தெரியும், அவளுக்குத்தான் தெரியாது. "உஷ்ஷ்!" என்று அவள் ஒரு அதட்டல் போட்டால், எதிர்க்கடைத் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு, "கூப்பிட்டீங்களா?" என்று எட்டிப் பார்ப்பார். பிள்ளைகள் அவளுக்கு உஷ்ஷம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். முதலில் அவளுக்குத் தெரியாமல் கூப்பிட்டார்கள். பிறகு தெரிந்தே கூப்பிட்டார்கள்.

அப்படிப்பட்டவளிடம் தொண்டை டாக்டர் சொன்னார்: "அறுவை சிகிச்சை முடியிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுன்னுகூட."

வசந்த விடுமுறை தொடங்கப்போகிற நேரம். மரங்கள் துளிர்விட்டிருந்தன. பள்ளிக்கூடம் பூட்டினால் பெற்றோர்கள் பிள்ளைகளை நூலகத்தில்தான் கொண்டுவந்து தள்ளுவார்கள். போதாததற்குப் புதுப் புத்தகப் பெட்டி வேறு வந்து, பிரிக்காமல், அவள் மேஜைக்கடியில் கிடந்தது.

பெட்டி விஷயத்தில் உஷ்ஷம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. புதுப் புத்தகம் எதையும் அவள் முன்னாலேயே பிரித்துப் பார்க்க மாட்டாள். பெட்டியைப் பிள்ளைகள் நடுவில் வைத்து உடைப்பாள். முத்திரை குத்தி, எண் போட்டு, அங்கேயே உட்கார்ந்து உரக்க வாசிப்பாள். அடுத்த பக்கத்தில் என்ன வரும் என்று பிள்ளைகளுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. திகிலான இடத்தில் நிஜமாகவே திகைப்பாள். ஒருமுறை நாய்க்குட்டி ஆற்றில் விழுந்தபோது, புத்தகத்தை மூடிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். பிள்ளைகள்தான் சமாதானம் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

இன்னொரு விதி. மூடும் நேரம் வந்துவிட்டால் பாதி வாக்கியமானாலும் நிறுத்திவிடுவாள். பென்சிலால் ஓரத்தில் ஒரு புள்ளி. "நாளைக்கு." அவ்வளவுதான். கெஞ்சினாலும் கிடையாது, அழுதாலும் கிடையாது.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு குரல் திரும்புமா என்று டாக்டர் பிடிகொடுத்துப் பேசவில்லை. இன்னொரு பரிசோதனை முடிவு வர வேண்டும் என்றார். உஷ்ஷம்மா அதைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. மருத்துவமனையில் போய்ப் படுப்பதற்குள் இந்தப் பெட்டியைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து காலி செய்துவிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

மகன் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து இறங்கினான். லிஃப்ட் பொறியாளர். சின்ன வயதிலிருந்தே எந்தப் புத்தகத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குகிறவன். "செத்துப் போறானான்னு தெரிஞ்சிக்கிட்டா நிம்மதியா படிக்கலாம்மா" என்பான். நூலகர் வயிற்றில் இப்படி ஒன்று வந்து பிறந்ததே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டது அந்த வீதிக்கே தெரியும்.

விடுமுறையின் முதல் நாள் பிள்ளைகள் கப்சிப். உஷ்ஷம்மா பேசாமல் உட்கார்ந்திருந்தது அவர்களுக்குப் பயமாக இருந்தது. மறுநாள் பயம் தெளிந்தது. அவளால் அதட்ட முடியாது என்று புரிந்தது. அவ்வளவுதான், பிடிக்க ஆளில்லை. காகிதக் கோப்பையில் விதை ஊன்றச் சொன்னால் மண் அகராதி அலமாரி வரைக்கும் போனது. காகிதப் பறவை செய்யச் சொன்னால் பசை நாற்காலி வரைக்கும் போனது. கையில் ஒரு சிலேட்டு வைத்திருந்தாள். "ஓடாதே" என்று எழுதி நிமிர்வதற்குள், ஓடினவன் ஒரு சுற்று முடித்து அடுத்த சுற்றில் இருந்தான்.

"உஷ்ஷம்மா, நீங்க ஏன் பேசல?" என்றாள் எதற்கும் ஏன் கேட்கிற சிறுமி. அவளை எல்லோரும் ஏன்ஏன் என்றே கூப்பிட்டார்கள்.

"தொண்டை ரிப்பேர்" என்று எழுதினாள்.

"ஏன்?"

"உங்களால."

"ஓ" என்றாள் ஏன்ஏன், நியாயம்தான் என்பதுபோல.

மகன் தன் பங்குக்கு ஒரு கருவியைக் கொண்டுவந்து வைத்தான். பக்கத்தைக் காட்டினால் அது வாசிக்கும். வாசித்தது. பழைய புத்தகம் ஒன்றில் சிங்கக்குட்டி தாயைப் பிரிகிற இடத்தை, ரயில் நிலையத்தில் வண்டி வருகிற அறிவிப்புப் போல வாசித்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முன்பல் இரண்டும் விழுந்த ஓட்டைப்பல் எழுந்து நின்று, "சிங்கக்குட்டி இரண்டாவது நடைமேடைக்கு வந்துகொண்டிருக்கிறது!" என்றான். உஷ்ஷம்மா போய் ஒயரைப் பிடுங்கினாள்.

"வேகத்தைக் குறைச்சா சரியாயிடும்மா."

"உன்னையும் சேத்துப் பிடுங்கணும்" என்று எழுதிக் காட்டினாள்.

"அப்ப நானே வாசிக்கிறேன். நாளைலேர்ந்து பாரு."

மறுநாள் அவன் பெட்டியோடு வந்து உட்கார்ந்தான். பெட்டி ஏற்கெனவே பிரிந்திருந்தது. அவள் ஒரு புத்தகத்தை எடுத்தாள். உள்ளே வண்ண வண்ணச் சீட்டுகள். 'இங்கே நிறுத்து.' 'இங்கே சிரிப்பு வரும்.' 'இங்கே குரலைத் தாழ்த்து.' இன்னொன்றை எடுத்தாள். அதிலும் சீட்டு. வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய், உட்கார்ந்து, எல்லாவற்றையும் வாசித்துவிட்டு வந்திருக்கிறான்! கடைசிப் பக்கத்திலிருந்துதான் தொடங்கியிருப்பான், கேட்கவே வேண்டாம்.

குரங்கு கையில் பூமாலை கொடுத்தால் பிய்த்துப்போடும். இது பிய்க்காமல், இதழ் இதழாக எண்ணிச் சீட்டு ஒட்டியிருக்கிறது.

"தயார் பண்ணாம எப்படிம்மா வாசிக்கிறது?" என்றான். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான்.

அவள் சிலேட்டை இழுத்து எழுதினாள்: "தயார் பண்ணினவனுக்கு ஆச்சரியம் எங்கேர்ந்துடா வரும்?" அதை அழித்தாள். "நீ வாசிக்கக் கூடாது." அதையும் அழித்தாள். எழுதவேண்டிய மீதியெல்லாம் சிலேட்டில் கொள்ளாது. பேச முடியாத கோபம் ஊமை கண்ட கனவு மாதிரி உள்ளேயே சுழன்றது.

"ஒண்ணு மட்டும் படிக்கல" என்றான் அவன் மெல்ல. "அடியில இருந்த தடிப் புத்தகம். அதுக்குள்ள தூங்கிட்டேன்."

பெட்டியின் அடியில் கையை விட்டு எடுத்தாள். சீட்டு இல்லை. அட்டையில் ஒரு கழுதை, வாயில் ஒரு குடையைக் கவ்விக்கொண்டு கப்பலில் ஏறிக்கொண்டிருந்தது. புது மையின் வாசனை. அவள் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள், மகனுக்கு எட்டாதபடி.

சந்தையில் யாரோ மறந்துவிட்டுப் போன குடையைச் சொந்தக்காரரிடம் சேர்க்க, கடல் தாண்டிப் போகிறது கழுதை. யாருடைய குடை? அதுதான் கதை. இதை மட்டும் முன்னாலேயே படிக்காததால் மகன் வாசிக்கலாம் என்று ஆனது. விதி விதிதான். ஆனால் அவன் வாசித்ததைக் கேட்டால் கழுதையே கரையிறங்கிவிடும் போலிருந்தது. மூச்சு விடுகிற இடத்தில் விடாமல், விடக்கூடாத இடத்தில் விட்டான். அவள் ஸ்கேலை எடுத்து மேஜையில் தட்டினாள். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் மெதுவாக. ஒரு பக்கத்துக்குள் மேஜை தாளம் போட்டுத் தீர்த்துவிட்டது.

"அங்கிள், நீங்க நகருங்க" என்றாள் ஏன்ஏன்.

புத்தகம் கை மாறியது. ஆளுக்கு ஒரு பக்கம். ஏன்ஏன் வாசித்தாள், ஓட்டைப்பல் வாசித்தான். அவன் வாயிலிருந்து 'சமுத்திரம்' காற்றாகவே வந்தது. உஷ்ஷம்மா தட்டிக்கொண்டே இருந்தாள். இவர்களுக்கு முற்றுப்புள்ளி என்று ஒன்று இருப்பதே தெரியாது போலிருக்கிறது! மகன் குட்டி நாற்காலியில், முழங்கால் காது வரை வர, உட்கார்ந்து கேட்டான். நடுவில் ஒருமுறை புத்தகம் தன் கைக்கு வந்தபோது கட்டைவிரல் தானாகப் பின்பக்கம் போனது. ஸ்கேல் விரலில் விழுந்தது.

"குடை கேப்டனோடதுதான்" என்றான் ஓட்டைப்பல்.

"அவர்கிட்டதான் தொப்பி இருக்கே. அவருக்கு ஏன் குடை?" என்றாள் ஏன்ஏன்.

"கழுதையோட அம்மாவோடது" என்றது ஒரு சின்னக் குரல்.

"கழுதைக்குக் குடை எதுக்கு?"

"கற்பூர வாசனைதான் தெரியாது. மழை தெரியுமில்ல?" என்றான் மகன். பிள்ளைகள் ஓவென்று சிரித்தார்கள். உஷ்ஷம்மா சத்தமில்லாமல் சிரித்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

கதை நாளுக்கு நாள் நீண்டது. அவள் மருத்துவமனைக்குப் போவதற்கு முந்தைய மாலை. கழுதை கரையிறங்கி, மலையேறி, மேலே ஒரு வீட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரே ஓர் அத்தியாயம். கடிகாரம் மூடும் நேரத்தைக் காட்டியது. உஷ்ஷம்மா ஒரு தட்டு தட்டினாள். பென்சிலை எடுத்தாள்.

"உஷ்ஷம்மா! ப்ளீஸ்!"

புள்ளி வைத்து மூடினாள். பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். மகன் மட்டும் போகவில்லை.

"இன்னிக்கு ஒரு நாள் முடிச்சிருக்கலாமேம்மா. நாளைக்கு நீ இங்க இருக்க மாட்ட."

"பிள்ளைங்க இருப்பாங்க. மாத்து ஆள் திறப்பார்" என்று எழுதினாள்.

"உனக்கு முடிவு தெரிய வேண்டாமா?"

அவள் அவனைப் பார்த்தாள். கொஞ்ச நாட்களாகவே இவன் சரியில்லை. சொல்லாமலே பாத்திரம் கழுவுகிறான். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து ஒரு தம்ளரைக் கழுவினவன் கிடையாது. அவள் தூங்கிவிட்டாளா என்று கதவுக்கு வெளியே வந்து நின்று பார்க்கிறான். எழுதினாள்: "கடைசிப் பக்கம் பாத்துட்ட, இல்ல?"

"எங்க பாக்க விட்ட? ஸ்கேலால அடிச்சியே."

அவள் புத்தகத்தைக் காட்டவில்லை. தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

அவன் நாற்காலியை ஓரமாகத் தள்ளினான். பிறகு, "டாக்டர் போன் பண்ணினார்" என்று தொடங்கினான்.

அவள் மேஜையில் ஒரு தட்டு தட்டினாள். நிறுத்து. அவன் நிறுத்தினான். அவள் எழுதினாள்: "சொல்லாதே." பிறகு அடியில் சின்ன எழுத்தில்: "பாத்திரம் கழுவறதையும் நிறுத்து. ஒரு தம்ளர்கூடச் சுத்தமா இல்ல."

மறுநாள் மருத்துவமனைக் கட்டிலில், அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்தபடி, மாலை வரைக்கும் அவளுக்குப் புத்தகத்தின் நினைப்புதான். இந்நேரம் மலையேறியிருக்கும். இந்நேரம் கதவு தட்டியிருக்கும். மாற்று ஆளுக்கு முற்றுப்புள்ளி தெரியுமா? யாருடைய குடை என்று இப்போது அந்தப் பொடிசுகளுக்கெல்லாம் தெரிந்திருக்கும். தனக்குத்தான் தெரியாது. தான் போட்ட விதியில் தானே மாட்டிக்கொண்டதை நினைத்துக் கடுப்பாக வந்தது.

மகன் வந்தான். கையில் கழுதைப் புத்தகம்.

"பிள்ளைங்க முடிச்சிட்டாங்க. உன்கிட்ட கொடுக்கச் சொன்னாங்க."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவனும் உட்கார்ந்து கேட்டிருப்பான். முடிவு தெரிந்த முகத்தோடு வந்து நிற்கிறான், எல்லாவற்றிலும் போல.

"அம்மா, எனக்குத் தெரியாது" என்றான் அவன். "கடைசி அத்தியாயம் படிக்கும்போது நான் வெளியில தையல்கடைல நின்னேன். ஓட்டைப்பல் ஓடி வந்து சொல்லப் பாத்தான். ஏன்ஏன் அவன் வாயைப் பொத்தி இழுத்துட்டுப் போயிட்டா. தையல்காரர்கூட, 'உள்ள போய்க் கேளுங்களேன்'னார். போகல."

அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். பிள்ளைப் பருவத்திலிருந்து பார்க்கிற முகம். அதில் பொய் தங்காது. தெரியாதுதான்.

அவன் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து அவள் கையில் கொடுத்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு, பென்சில் புள்ளியைத் தேடிக் கண்டுபிடித்து, தொண்டையைச் செருமினான். கழுதை வீட்டு வாசலுக்கு வந்தது. வாயில் குடை. கதவைத் தட்டக் கையில்லை, காலால் தட்டியது. உள்ளே யாரோ நடந்து வருகிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விலகியது.

பக்கம் முடிந்தது. அவன் அவசரமாகத் திருப்பப் போனான்.

கட்டில் கம்பியில் இரண்டு தட்டு விழுந்தது.